கோழியின் அலகு

ஐந்து இனங்களைப் படைத்துவிட்டு
ஆறாவதில் தடுக்கி விழுந்தோம்.

மலைக்குள்ளர்: உரம் மூன்று கூட, ஓட்டம் இரண்டு குறைய.
வனத்தார்: குறி தப்பாது, தோல் மெல்லிசு.
நிழலர் இருட்டில் ராஜா, வெயிலில் கடன்காரர்.
கொம்பர் கோபம் வந்தால் இருமடங்கு அடிப்பார்கள்;
கோபம் வராத கொம்பரை
இதுவரை ஒருவரும் ஆடிப் பார்த்ததில்லை.
மனிதருக்கு எல்லாவற்றிலும் சுழியம்.
அது நேர்மையா சோம்பலா என்று
தார்த்து நகரத்து எங்கள் மூன்றாம் மாடியில்
இரண்டு குளிர்காலமாய் வழக்கு நடக்கிறது.

பிறகு சதுப்பர்.
தவளை நிறத் தோல், தாழ்ந்த தோள்,
தண்ணீருக்குள் தொண்ணூறு விநாடி மூச்சடக்குவார்கள்.
வேறொன்றும் தெரியாது.
நான்தான் வரைந்தேன். ஏன் இப்படி என்றால்
எமாயோகி ஆற்றில் பனி உடைகிற வாரம் அது
என்பதைத் தவிரப் பதில் இல்லை.

எங்கள் உலகில் பிறந்தவர் நாற்பத்தோராயிரம்.
சதுப்பராய்ப் பிறந்தவர் இருநூற்றுப் பன்னிரண்டு.
ரைமோண்ட் விரிதாளை என் பக்கம் திருப்பி
சிவப்புக் கட்டத்தில் விரல் வைத்தான்:
"தூக்கி விடு, இல்லையா தூக்கிப் போடு."

அன்றிரவு பதிவேடுகளைத் திறந்தேன்.
சதுப்பர் எங்கெங்கே சாகிறார்கள்?
பாலத்தில். கோட்டை வாசலில். ஓநாய் முன்னால்.
ஒருமுறை, கோழி கொத்தி.
(அலகில் ஒரு சுழியம் கூடுதலாய் விழுந்திருக்கிறது.
குறித்துக்கொண்டேன்.)

அப்புறம் அந்த ஒருவன், அல்லது ஒருத்தி.
பெயர் ஈரக்காலுறை.
ஆடியது நானூற்றுப் பதினோரு மணி நேரம்.
கொன்றது யாரையுமில்லை.
தினமும் மாலை ஏழுக்கு ஏரிக்குள் இறங்கி
அவசரத்தில் நாங்கள் அரைகுறையாய் விட்டதையெல்லாம்,
பூசாத சுவரை, தாங்க ஒன்றுமில்லாத தூண்களை,
பெயர் வெட்டாத கல்லறையை
ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
எண்பத்தெட்டாம் விநாடியில் மேலே வரும்.
எப்போதும் எண்பத்தெட்டு.
இரண்டு விநாடி கையிருப்பு.

செவ்வாய்க்கிழமை எடை போட்டோம்.
சதுப்பர் நகத்தில் நஞ்சு, நொடிக்கு ஒன்று புள்ளி ஐந்து.
"கடுகளவுதானே" என்றாள் ஹெல்வே.
பொத்தானை அழுத்தியது நான்.

வெள்ளிக்குள் பத்தாயிரம் சதுப்பர்.
சந்தையெங்கும் தவளைத் தோல்.
நனைந்த நஞ்சு அடுக்கடுக்காய் ஏறும் என்று
எவரோ கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார்.
கூட்டங்கூட்டமாய் ஈட்டியோடு ஏரியில் இறங்கி
பூசாத சுவரோரம்
ஒருவரையொருவர் கொன்று நிலை ஏறினார்கள்.
குள்ளர்களிடமிருந்து மொட்டைக் கடிதங்கள் வந்தன.

மாலை ஏழு.
ஈரக்காலுறை இறங்கியது.
பதினோராம் விநாடியில் செத்தது.
மறுநாள் ஒன்பதாம் விநாடியில்.
அதற்கும் மறுநாள் இறங்கவில்லை.
கரையில் பன்னிரண்டு நிமிடம் நின்றது,
போய்விட்டது.

நஞ்சை இரண்டு தரம் செதுக்கிக் குறைத்தோம்.
விரிதாள் முழுக்க இப்போது பச்சை.
தராசு முள் ஜன்னலில் செத்த ஈ மாதிரி
ஆடாமல் நிற்கிறது.
ரைமோண்ட் கேக் வாங்கி வந்தான்,
மேலே பச்சைச் சர்க்கரையில் ஒரு தவளை.
காலைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

எல்லோரும் போன பின்
ஏரியின் வடகோடிச் சுவரில் ஒரு பிளவு வைத்தேன்,
ஈட்டியோடு நுழைய முடியாத அகலத்தில்.
உள்ளே ஒன்றுமில்லை.
நீர், ஒரு தூண்,
தலைக்கு மேல் ஒரு சாண் காற்று.
கரையிலிருந்து நீந்திச் சேர
எண்பத்தெட்டு விநாடி ஆகும்.
அளந்து பார்த்தேன், நாலு தரம்.

பதிப்புக் குறிப்பில் ஒரே வரி எழுதினேன்:
கோழியின் அலகு சரிசெய்யப்பட்டது.