வீர சக்கரம், வரவு

பள்ளத்தூர் பெரி. ராம. வீட்டில்
முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன் நான்.
நெல், வட்டி, வைரம், பினாங்குப் பீங்கான்,
கோயில் யானைக்கு வாங்கிய கரும்புவரை
எல்லாவற்றுக்கும் பேரேட்டில் ஓர் இடம் இருந்தது.
எழுபத்திரண்டில் சக்கரம் வந்தபோதுதான்
பேனா நின்றது.

கேப்டன் வெள்ளையப்பன், இந்த வீட்டின் இரண்டாவது பிள்ளை,
இடது காலை வடக்கே ஒரு கால்வாய்க் கரையில் விட்டுவிட்டு
செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கினார்.
மேளம், மாலை.
பஞ்சாயத்துத் தலைவரின் பொன்னாடை
ஊன்றுகோலில் சிக்கிக்கொண்டது.
டில்லிக் காகிதத்தைத் தலைமையாசிரியர் தமிழில் வாசித்தார்:
"தன் உயிரைப் பொருட்படுத்தாமல்..."
"யாரைக் கேட்டுக்கிட்டு?" என்றார் ஆச்சி,
மைக்குக்குக் கேட்கும்படி.

முதலாளி சக்கரத்தை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.
எத்தனை தோலா என்று கேட்கவில்லை.
கேட்க நினைத்தது எனக்குத் தெரியும்.
விளிம்பைச் சாய்த்துப் படித்தார்.
"பேரு இருக்கு. விலாசம் இல்லையே?"
பினாங்கிலும் ரங்கூனிலும் செல்லுபடியான பெரி. ராம.வை
சர்க்கார் விட்டுவிட்டதில் அவருக்கு வருத்தம்.
பிறகு சொன்னார்: "வரவு வைங்க."

வைத்தேன். சிவமயம் போட்ட பக்கத்தில்,
நாடா பாதி நீலம் பாதி காவி,
வெள்ளிச் சக்கரம் ஒன்று.

அன்றிரவு கேப்டன் கணக்கறைக்கு வந்தார்.
எழப்போனேன், வேண்டாம் என்றார்.
"எதிரே என்ன எழுதுனீங்க?"
எதிர்ப்பக்கம் வெறுமை.
"இனாமா வந்ததுதானே, தம்பி."
"இனாமா?"

அவர் சொல்லச் சொல்லப் பற்றில் எழுதினேன்.
நாயக் தில்பாக் சந்த்.
சிப்பாய் ஹுக்கம் சிங்.
சிப்பாய் கிர்ப்பா ராம்.
ஹவில்தார் என்று சொல்லித் தண்ணீர் கேட்டார்.
குடித்த பிறகும் பெயர் வரவில்லை,
ஹவில்தார் என்றே நிற்கிறது.
சிப்பாய் ரத்து ராம்.
தொகை என்ன போட, என்று கேட்டேன்.
விளக்கை அணைக்காமல் போய்விட்டார்.

அந்த வருஷ ஐந்தொகை இடித்தது.
இடிக்கட்டும் என்றார் முதலாளி.
காலணா இடித்தால்
விடிய விடிய உட்காரவைப்பவர்.

வருஷா வருஷம் புதுப் பேரேட்டுக்கு மஞ்சள் தடவி
பழைய பாக்கியைப் பெயர்த்து எழுதுவது வழக்கம்.
ஐந்து பேரும் பெயர்ந்துகொண்டே வந்தார்கள்.
முதலாளி காலமானார். வீடு பங்கு பிரிந்தது.
பீங்கான் போயிற்று, நெல்லும் போயிற்று.
எண்பத்தாறில் ஆடிட்டர் அனுப்பிய பையன்,
நல்ல பையன், கையெழுத்து முத்து,
"ரத்து" என்று கண்டதும்
ரூல்தடி வைத்துச் சிவப்பு மசியால்
ஒரு கோடு இழுத்துவிட்டான்.

குரலை உயர்த்தாத மனிதர் அன்று கத்தியது
மூன்றாம் கட்டு வரை கேட்டது.
ஹிந்தியில் ஒரே ஒரு சொல்.
திட்டு இல்லை, உத்தரவு.
எங்களில் யாருக்கும் அந்த பாஷை தெரியாது.
பையன் தானாகக் குனிந்தான்,
நானும் குனிந்தேன்.
அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், ஒற்றைக் காலில்,
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்து.

சுரண்டினால் தாள் கிழியும்.
அடித்த கோட்டுக்குக் கீழே மறுபடி எழுதினேன்,
இடைவெளி விடாமல், ஒரே பெயராக:
ரத்துராம்.
தொகைக் கட்டம் காலி.

சக்கரத்தைப் பார்க்க வேண்டுமா?
இரும்புப் பெட்டியில் இருக்கிறது, வருஷத்துக்கொரு தடவை எண்ணுகிறோம்.
வரவு சரியாகத்தான் இருக்கிறது.