கவாய் தீவில் சுவர்க்கோழி எண்ணும் வேலை

சுவரே இல்லாத புல்வெளியில்
சுவர்க்கோழிகளை எண்ணுகிறேன்.
மணிக்கு இவ்வளவு என்று
பல்கலைக்கழகம் கூலி தருகிறது.
நெற்றியில் விளக்கு. முழங்காலில் ஈரம்.
மூடியில் துளை போட்ட தயிர் டப்பா.

ஆண் பாடினால் பெண் வரும்.
அதே பாட்டைக் கேட்டு ஓர் ஈயும் வரும்.
அது ரசிக்க வருவதில்லை.
முதுகில் புழுக்களை இறைத்துவிட்டுப் போய்விடும்.
ஒரு வாரம் கழித்து
உள்ளே தின்று கொழுத்தவை வெளியே வரும்போது
பாடகன் வெறும் ஓடு.

எப்போதோ ஒருவன்
சிறகில் அரம் இல்லாமல் பிறந்தான்.
ஊமை.
ஈ அவனைத் தாண்டிப் பறந்தது.
இருபது தலைமுறை,
நம் கணக்கில் சில மழைக்காலங்கள்,
புல்வெளி நிறைய அவன் வாரிசுகள்.

ஊமைக்குப் பெண் எப்படி அமையும் என்கிறீர்களா?
மிச்சமிருக்கும் பாடகன் பக்கத்தில்
போய் உட்கார்ந்துகொள்கிறது.
அவன் கூப்பிட்டு வருகிறவளை
பாதி வழியில் இது சந்திக்கிறது.

படிவத்தில் ‘தகுதி’ என்றொரு கட்டம்.
பலத்தை எழுதச் சொல்கிறார்கள் என்று
முதல் வாரம் நினைத்தேன்.
இல்லை, பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும்.

என் தம்பி லோபாகா
லிஹுவே மண்டபத்தில் எழுந்து நின்றான்,
ஆற்றைத் திருப்பும் ஹோட்டலுக்கு எதிராக.
நல்ல குரல் அவனுக்கு,
ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினான்.
எனக்கும் சொல்ல இருந்தது.
கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அவன் படகுக்கு உரிமம் இல்லை.
இப்போது லாஸ் வேகாஸில் சீட்டுக் கலைக்கிறான்,
தனியாக, குளிரூட்டிய அறையில்.

அன்று அவன் பேச்சைக் கேட்க வந்த ஒருவர்
வேறு நாற்காலி இல்லாமல்
என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
எங்களுக்கு மூன்று பிள்ளைகள்.
கடைக்குட்டிக்கு லோபாகாவின் மூக்கு.

மணி இரண்டு. கடல் பக்கம் ஒரு குரல்
கிளம்பி, பாதியில் நின்றது.
விளக்கைத் தாழ்த்துகிறேன்.
என் காலடியில் ஓர் ஊமை
சிறகுகளைத் தூக்கித் தேய்க்கிறது,
நிறுத்துகிறது, மறுபடி தேய்க்கிறது,
பாடுகிறவன் செய்வது போலவே,
ஒரு அசைவு குறையாமல்.

சத்தமே இல்லை.
குனிந்து காதை வைத்துப் பார்த்தேன்.

நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டு
நாற்பத்திரண்டு.