சந்தேகக் கிழமை

"இது என்ன பறவை" என்றே
எந்நேரமும் கேட்கிறார்களென்று
மன்னார்குடியில் நாங்கள் விதி போட்டோம்:
சந்தேகமெல்லாம் சனிக்கிழமை,
பாமணியாற்றுப் பாலத்து டீக்கடையில், ஆறு மணிக்கு.

மற்ற நாளெல்லாம் நிம்மதி.

புதனன்று சேற்று வயலில்
அலகு மேல்நோக்கி வளைந்த ஒன்று நின்றதாம்.
டிராக்டர் ஓட்டும் இருதயசாமி
போனை எடுத்து, கிழமை பார்த்து,
பையில் போட்டுக்கொண்டார்.
சனிக்கிழமை அவரிடம் இருந்தது
காற்றில் விரலால் வரைந்த மூக்கு மட்டும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையில்தான்
தையல்கடை மெகருன்னிசா,
இரண்டு மாதம் வெறும் டீ குடித்துவிட்டு,
முதல்முறையாக வாய் திறந்தாள்:
"காக்காயில ரெண்டு தினுசு இருக்கா?"
ஒருவரும் சிரிக்கவில்லை.
அன்று எல்லாரும் கேட்கிறவர்கள்.

விதியை எழுதிய நோட்டு என்னிடம்.
அடிக்கவா, விடவா?
யாரிடமாவது கேட்க வேண்டும்.
இன்று திங்கள்.