நாற்பத்திரண்டு குதிரை

வேலந்தாவளம் தாண்டிப்போய் வாங்கினால் ஒரு விலை,
தாண்டாமல் வாங்கினால் ஒரு விலை.
பொள்ளாச்சி மயில்சாமி ரொக்கத்தில் பேசுகிறார்.
பாலக்காட்டு ஷிபின் "சேச்சி" என்று தொடங்கி
மானியத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறான்.
இரண்டு கொட்டேஷனும் அரிசி டப்பாவுக்குள்.
பதினோரு நாளாக
அரிசி அளக்கும்போதெல்லாம் படிக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஏழேகால் ஏக்கர்.
நாலு, கறுப்பு மண்.
ஒரு மழை பெய்தால் கொழுவைக் கவ்விக்கொண்டு
கடன்காரன்போல் விடாது.
மீதி தென்னை.
இருபத்தைந்தடி இடைவெளி என்று பத்திரம்போல் சொன்னார்கள்,
டேப் பிடித்தால் இருபத்திரண்டு.

அடைக்கலம் சிவப்பில் ஐம்பது வாங்கினார்.
அது திரும்புகிற இடத்தில்
மூன்று மரத்தில் இடுப்பளவு வடு.
ராயப்பன் வீட்டு முப்பது
சேற்றில் நின்று புகையாக அழும்.
ஆக, நாற்பத்திரண்டு.
குதிரைகளை எண்ணி முடித்தாயிற்று,
இனி சேணம்.

பவர் ஸ்டியரிங், எழுதிக்கொள்.
எண்ணெயில் முங்கிய பிரேக், அதுவும்.
தொளிக்குள் இறங்குகிற வண்டிக்கு
உலர்ந்த பிரேக் எதற்கு?
பின்பக்கமாகவும் சுற்றுகிற பி.டி.ஓ.:
மட்டையும் நாரும் ரொட்டவேட்டரில் சுற்றிக்கொண்ட நாளில்
அரிவாளோடு அடியில் படுத்தவள் நான்,
அதை முதலில் எழுது.
தூக்குகிற கை ஆயிரத்து அறுநூறு கிலோ போதும்.
கூரை வேண்டாம், ஓலை பிய்த்துவிடும்.
"தேங்காய் விழுந்தாலோ சேச்சி?"
விழுவதற்குள் வேலாயுதன் இறக்கிவிடுவான்.
பாட்டுப் பெட்டி சும்மா தருகிறானாம்.
சும்மா தருவதென்றால்
முன்பக்க எடை நாலு கட்டி சும்மா கொடு,
டிரெய்லரில் நெல் ஏற்றினால்
மூக்கு வானம் பார்க்கிறது.

நாலு சக்கரமும் இழுக்கிற மாடலுக்குத்தான்
மனசு அங்கேயும் இங்கேயும் போயிற்று.
ஒரு லட்சத்துக்குமேல் கூட. திரும்ப இடமும் கூட.
வேண்டாம் என்றேன்.
ஆவணியில் வருத்தப்படுவேன் என்று தெரிந்தே சொன்னேன்.

இத்தனைக்கும் ஷிபின் விளக்கம் சொன்னது
என் வீட்டுக்காரரிடம்.
ஸ்தேவான், கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டர்.
பதினாறு வருஷமாக ஒரு பெல்லுக்கு நிறுத்தி
இரண்டு பெல்லுக்கு எடுக்கச் சொல்கிறவர்.
கிளட்ச் ஒன்றா இரண்டா என்று கேட்டால்
சில்லறை தேடுவார்.
"அப்ப ஓட்டறது யாரு சார்?"
காலி சீட்டைக் காட்டுகிற மாதிரி
என் பக்கம் கை காட்டினார்.

ஏறி உட்கார்ந்தேன்.
கியர் கம்பி இரண்டு முழங்காலுக்கும் நடுவில்.
புடவையைச் சுருட்டி எங்கே வைப்பது?
இந்த வண்டியை வரைந்தவர்
வேட்டியை நினைத்திருக்கிறார்,
பேண்டை நினைத்திருக்கிறார்.
"கியர் பக்கவாட்டில் வருகிறது இருக்கா?"
"உண்டு, முப்பத்தெட்டாயிரம் கூடும்."
கூடட்டும்.
பாட்டுப் பெட்டியைவிட
அதுதான் எனக்குச் சங்கீதம்.

அந்த மாடல் ஒன்று பின்கொட்டகையில் நின்றது, நீலம்.
கால் தாராளமாக உள்ளே போயிற்று.
சீட்டை முன்னால் தள்ளினேன், நாலு பல், அதோடு சரி.
கிளட்சை மிதித்தால் குதிகால் அந்தரத்தில்.
முழுசாக மிதிபடாத கிளட்ச்
நட்டவயல் வரப்பில் என்ன செய்யும் என்று
ஷிபினுக்கும் தெரியும்.
விலைப் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினான்.
அதில் என் காலுக்கு ஒரு வரி இல்லை.

பட்டறையிலிருந்து ஒரு பையன் வந்தான்.
பாதத்தை நியூஸ் பேப்பரில் வைத்துக் கோடு போட்டான்,
செருப்புக்கு அளவெடுக்கிற மாதிரி.
இரண்டங்குல இரும்புக் கட்டை,
மேலே வரி வரியாக வெல்டிங், சேற்றில் வழுக்காமல்.
பட்டியலின் அடியில், அச்சடித்த வரிகளுக்கெல்லாம் கீழே,
ஷிபின் பேனாவால் எழுதினான்:
பெடல் கட்டை, ஒன்று.
விலைக்கட்டத்தில் ஒரு கோடு இழுத்தான்.

சூடு ஆறுமுன் மிதித்துப் பார்த்தேன்.
அடிவரை போயிற்று.
பின்னால் நின்ற ஸ்தேவான்
மட்கார்டில் தட்டினார்,
இரண்டு தட்டு.

லோ, ஒன்று.
எடுத்தேன்.