கணியம்

வள்ளத்திலிருந்து பார்த்தால்
மருந்துவாழ் மலை ஒரு விரற்கடை நீலம்.
மணக்குடிக் கோயில் கோபுரத்தை
அதன் இடது தோளில் கொண்டு நிறுத்தினால்
கீழே பார். பாரில் களவா.
இருபத்தாறு வருஷமாக
இந்த மலை எனக்கு அவ்வளவுதான்.

எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு
மூணு மணிக்கு வாரும் என்றான் கொட்டாரத்து சுயம்பு.
சும்மா ஏறினேன்.

ஆடாத தரை கெண்டைக்காலைப் பிடிக்கிறது.
செருப்பு வார் அறுந்து கையில்.
பெயர் தெரியாத பச்சிலை முழங்காலில் உரசி மணக்கிறது.
பீடிக்கட்டைப் பிடுங்கிய குரங்கு
மோந்து பார்த்துவிட்டு என் மேலேயே எறிந்தது.

உச்சியில் லுங்கி பாயாய்ப் புடைக்க
வடக்கே நெடுகக் காற்றாடிகள்,
தாமரைக் குளங்கள், தென்னை, தென்னை,
பொழிமுகம்,
அப்புறம் ஒரு கீறலும் இல்லாத தகடு.

அதில் எங்கேயோ என் பார்.
கோபுரத்தைப் பிடித்துவிட்டேன்.
கண்ணை இடுக்கி
மலையைத் தேடினேன்.

போன் அடித்தது.
"பிஸ்டன் போச்சு வே. எங்க நிக்கீரு?"

பாறையை ஒருதடவை
வெறுங்காலால் அழுத்திப் பார்த்தேன்.
"கணியத்துல."

"எந்தக் கடை பக்கம்?" என்கிறான்.