ஏழாம் நம்பர் மலை

மட்டக்கோலில் காலை நாற்பத்தொன்று.
பதிவேட்டில் போட்டுவிட்டுப் படகில் ஏறினேன்.
பாதி நீரில் மோட்டாரை நிறுத்தினார் சவரியான்.
இனித் துடுப்புத்தான்.
சத்தம் கேட்டால் நீர்க்காகங்கள் கூடுவிட்டு எழும்பும்,
எழும்பிய இடத்தில் அண்டங்காக்கை இறங்கும்,
முட்டை போய்விடும் என்றாள் நிமேஷா.
"காக்கைக்கும் வயிறு இருக்கே மிஸ்" என்றார் அவர்.
அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

இங்கே வருமுன் இரண்டு வருஷம்
எங்கோ தெற்குக் கடலில்
எரிமலை கக்கிய திட்டுகளில் பறவை எண்ணியவள்.
துடுப்புக்குத் துடுப்பு அதையே சொன்னாள்:
வெந்த கல் ஆறி முடியுமுன்னே
காற்றில் நூல் விட்டு
ஒரு சிலந்தி வந்து இறங்குமாம்.
தின்ன ஒன்றுமில்லாத கரும்பாறையில்
வலை கட்டிக் காத்திருக்குமாம்.
பிறகு கடற்பறவை. அதன் எச்சத்தில் ஒரு விதை.
விதை பிடித்த ஈரத்தில் புல்.
கப்பல்காரர்கள் ஒருமுறை ஆடு விட்டுப் போனார்கள்,
ஆடு புல்லைத் தின்று தீர்த்தது, பிறகு ஆடும் செத்தது.
சிலந்தி இருந்தது.
"அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு முதல் நாள் உண்டு."

நான் கரையைப் பார்த்தேன்.
மஸ்கெலியாப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
இந்தத் தீவு எதிலிருந்தும் எழும்பவில்லை.
இருந்த இடத்திலேயே இருந்தது.
தண்ணீர்தான் எழும்பி வந்தது,
முதலில் ஆற்றங்கரைக் கடைத்தெரு,
பிறகு பெரட்டுக்களம், பிறகு லயத்துக் கூரை
(தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் புத்திசாலிகள்),
பிறகு ஐந்தாம் நம்பர், ஆறாம் நம்பர்.
ஏழாம் நம்பரின் உச்சியில்
பதினோரு ஏக்கரை விட்டுவிட்டு
அணை சொன்ன அளவில் நின்றது.
அடுத்த மாதமும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை
"ஏழு: கொழுந்து இல்லை" என்று எழுதினாராம்.
அதற்கடுத்த மாதமும்.

இறங்கினோம்.
சுண்ணாம்பு அடித்ததுபோல் எச்சம்.
அழுகிய மீன் வாடை, தலைக்கு மேல் ஓயாத கர்கர்.
ஈரக்கல்லில் நீர்நாய் மிச்சம் வைத்த திலாப்பியாத் தலை.
"இதுவும் எரிமலைக் கல்லா?"
இல்லையாம். நிலத்துக்கு அடியில்
வெகுகாலம் நசுங்கியே கிடந்த கல்லாம்,
மேலே வர அவசரப்படாதது.

நாற்பது மரங்களில் நூற்றுப்பன்னிரண்டு கூடு.
என்ன மரமென்று அவளுக்குப் பிடிபடவில்லை.
இலையைக் கசக்கினாள், உதிர்ந்த பூவைப் புரட்டினாள்:
வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குஞ்சம்.
சவரியானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
கரையில் இடுப்பளவில் நிறுத்திவைத்த அதே செடி.
கவ்வாத்துக் கத்தி வராத ஐம்பது வருஷத்தில்
முப்பதடிக்குப் போயிருந்தது.

அவள் படிவத்தில் ஒரு கட்டம்:
மனிதக் குடியிருப்பு, எப்போதேனும்?
"இல்லை" என்று பேனா போகும்போது
சவரியான் குனிந்து ஒரு மரத்தடியைத் தடவினார்.
முழங்கால் உயரத்தில் முண்டு.
அந்த முண்டிலிருந்துதான் கிளை பிரிந்திருந்தது.
அடுத்த மரத்திலும் அதே உயரம். அதற்கடுத்ததிலும்.
வரிசை பிடித்து, கானு வெட்டிய சரிவு வழியே
தண்ணீருக்குள் இறங்கும்வரை அதே உயரம்.
யாரோ ஒரே குச்சியால் அளந்து அளந்து
வெட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

குடியிருந்தார்களா என்றால், இல்லை.
பகலில் வந்தார்கள்.
பொழுது சாய இறங்கிப் போனார்கள்,
இப்போது மீன் நுழைந்து திரும்பும் வீடுகளுக்கு.
அதற்குக் கட்டம் இல்லை அந்தப் படிவத்தில்.
பேனாவை மூடினாள்.

கிளம்பும்போது சவரியான்,
பெண்சாதிக்குக் கைகொடுத்த பழக்கமோ என்னவோ,
ஒரு தளிருக்கு எம்பினார்.
எட்டவில்லை.
நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை.
மேலிருந்து ஏதோ ஒரு குஞ்சு
அவர் தொப்பியில் வெள்ளையாய்க் கழிந்தது.

மாலை மட்டம்: நாற்பத்தொன்றரை.