தொகைகள் லட்சங்களில்

நல்ல வருசத்தில் நாலு பக்கம்.
நட்டம் வந்த வருசம் பதினோரு பக்கம்,
வழவழத் தாளில், முழு வண்ணத்தில்:
எங்கள் சாயக் கம்பெனியின்
சமூகப் பொறுப்பு.

ஆண்டறிக்கை எழுதுவது நான்தான்.
அவிநாசி ரோட்டில் மூன்றாம் மாடி.
கீழே பேக்கரியில் தேங்காய் பன் வேகும் நேரம்
எம்.டி. தேவசிகாமணி போனில் வருவார்:
"குறைந்ததுங்கற வார்த்தை வேண்டாமுங்க.
மிதமானதுன்னு போடுங்க."
போட்டேன்.
ஆர்டர் கைவிட்டுப் போனது 'சந்தை மறுசீரமைப்பு'.
முந்நூறு பேரை நிறுத்தியது 'செலவினச் செம்மை'.
ஆண்டு மட்டும் எப்போதும் 'சவாலானது',
ஏதோ ஆண்டுதான் வலிய வந்து வம்பிழுத்தது போல.

இந்த முறை தமிழிலும் ஒரு பதிப்பு கேட்டார்கள்,
ஆற்றோரத்து விவசாயிகளுக்குக் கொடுக்க.
அப்போதுதான் தெரிந்தது
இந்த வேலைக்கு நம் மொழி ஒத்துழைக்காது.
டிவிடெண்டை ஈவு என்று எழுதினால்
கூப்பிடாமலே இரக்கம் பக்கத்தில் வந்து நிற்கிறது.
கழிவு என்றால் தள்ளுபடியா, சாயத் தண்ணியா
என்று அச்சகத்தில் கேட்கிறார்கள்.
'வெளியேற்றப்பட்டது' என்று எழுதி ஆளை மறைத்தேன்;
அந்தப் 'பட்டது' மட்டும்
யாரோ பட்டதைச் சொல்லிக்கொண்டே இருந்தது.
எல்லாவற்றையும்விட, பொறுப்பு.
ஆறாம் பக்கத்தில் படம் போட்டுப் பெரிதாக்க வேண்டியது.
எண்பத்திரண்டாம் பக்கத்தில் அதே சொல்
கடன் என்ற பொருளில்,
முடிந்தவரை சின்னதாக்க வேண்டியது.
கிணறுகளுக்கான இழப்பீடு, வழக்கு நிலுவையில்:
அடிக்குறிப்பு முப்பத்தொன்று, எழுத்தளவு ஏழு.

ஆறாம் பக்கப் படத்தில் துளசிமணி.
நொய்யல் ஓரம், சின்னமூக்கணூர்.
நாங்கள் கட்டித்தந்த சுத்திகரிப்பு நிலையத்தின் முன்னால்
குடத்தில் தண்ணீர் விழுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நாங்கள் போன அன்று மெசின் ஓடவில்லை.
"ஓடி ரெண்டு மாசமாச்சுங்க.
சவ்வு போயிருச்சுன்னு சொல்லிட்டுப் போனாங்க,
அப்பறம் யாரும் வரலீங்க."
சித்திரை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது,
போட்டோகிராபர் வெளிச்சம் வெளிச்சம் என்று பறந்தார்.
துளசிமணிதான் உள்ளே போய்
காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த கேனை
இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தார்.
டிரைவர் குமரவேல் பின்பக்கம் ஏணி சாத்தி ஏறி
குழாய்க்கு மேலே இருந்த தொட்டியில் ஊற்றினான்.
மூன்று முறை எடுத்தோம்.
மூன்றாவதில் தண்ணீர்
கண்ணாடிக் கயிறு மாதிரி விழுந்தது.
படத்தின் கீழே எழுதினேன்:
'தாகம் தீர்க்கப்பட்டது.'

செப்டம்பரில் பொதுக்கூட்டம்,
இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது.
அறிக்கையின் தொனி நம்பிக்கை தருகிறது என்று
ஒரு பங்குதாரர் எழுந்து பாராட்டினார்.
ஆளுக்கொரு மைசூர்பா டப்பா.

அன்று சாயங்காலம் போன்.
"நானுங்க, துளசிமணி பேசறனுங்க.
படம் நல்லா இருக்குதுங்க, பையன் காட்டினான்.
அந்தக் கேன் காசு முப்பத்தஞ்சு ரூவா
இன்னும் வரலீங்க."

கணக்கைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன்.
சமூகப் பொறுப்பிலா, நடப்புப் பொறுப்பிலா?
தொகைகள் லட்சங்களில், முழுமையாக்கப்பட்டவை.
எதில் போட்டாலும் அது பூஜ்யம்.
என் பையிலிருந்து அனுப்பலாம்தான்.
அனுப்பினால் தர்மமாகிவிடும்,
அதையும் படம் எடுக்கச் சொல்வார்கள்.
அவர் கேட்டது கடன்.

கடைசியில் வவுச்சர் எழுதினேன்.
விவரம் என்ற கட்டத்தில்
'தண்ணீர், ஒரு கேன், வழங்கப்பட்ட' என்று
பழக்கத்தில் கை போய்விட்டது.
அடித்துவிட்டு எழுதினேன்:
துளசிமணி கொடுத்தார்.

கையெழுத்துக்காக
எம்.டி. மேசையில் கிடக்கிறது,
ஒன்பது நாளாக.